கிறிஸ்துமஸ் ஒயினுக்குப் பன்னீர் திராட்சை ஏன்?

நவம்பர் பிறந்துவிட்டால் பெரம்பூர், வியாசர்பாடி, ராயபுரம் பக்கத்துப் பழ வண்டிகளில் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழும். “பன்னீரா, பெங்களூரா அண்ணே?” வண்டியில் எது இருந்தாலும் பதில் ஒன்றுதான்: “பன்னீர்தாங்க்கா, வேணும்னா மோந்து பாருங்க.” கேட்கிற அக்கா சாப்பிட வாங்கவில்லை. டிசம்பருக்கு ஒயின் போட வாங்குகிறார்.

பெரம்பூர் ரயில்வே பணிமனை 1856இல் தொடங்கியது. அதைச் சுற்றிக் குடியேறிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், ராயபுரம், காசிமேடு பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் என்று வடசென்னையில் வீட்டு ஒயினுக்கு ஒரு நீண்ட மரபு உண்டு. கல்கல், ரோஸ் குக்கி, பிளம் கேக், கூடவே ஒரு சின்ன கிளாஸ் இனிப்பு ஒயின். ஆங்கிலோ இந்தியர்களில் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டார்கள். ஜாடி இங்கேயே தங்கிவிட்டது.

அந்த ஜாடிக்குள் போகும் பன்னீர் திராட்சைக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். பிளாக் மஸ்கட் என்றும் சொல்வார்கள். ஒயின் உலகில் இதற்குப் பெரிய மரியாதை கிடையாது. காபெர்னே சாவின்யோன், சிரா என்று உயர்ந்த ஒயின் திராட்சை ரகங்களைப் பேசுகிறவர்கள் “அது தின்கிற பழமாச்சே” என்று தள்ளிவிடுவார்கள். நிறம் போதாது, துவர்ப்பு போதாது, நாள்பட வைத்தால் தாங்காது என்று அவர்கள் அடுக்கும் குறைகள் எல்லாமே உண்மை. ஆனால் வடசென்னை சமையலறையில் மூன்று வாரத்தில் உருவாகும் இனிப்பு ஒயினுக்கு இந்தக் குறைகள் எதுவும் இடைஞ்சல் செய்வதில்லை. இரண்டொன்று உதவியே செய்கின்றன. உயர்ந்த ஒயின் ரகம் எதையாவது இதே ஜாடியில் போட்டால் இதைவிட மோசமாகத்தான் வரும் என்பது என் கட்சி. அதற்கு இந்தப் பழத்தின் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

இது காட்டில் கிடைத்த ரகமோ, கிராமத்துத் தோட்டத்தில் தானாக முளைத்ததோ இல்லை. இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் ரெஸ்ட் பார்க் என்ற மாளிகை இருக்கிறது. அங்கே டி கிரே பிரபுவிடம் தோட்டக்காரராக இருந்தவர் சீவர்ட் ஸ்னோ. பிளாக் ஹாம்பர்க் என்ற கறுப்புத் திராட்சையையும் அலெக்ஸாண்ட்ரியா மஸ்கட் என்ற வெள்ளைத் திராட்சையையும் மகரந்தம் சேர்த்துப் புது ரகம் ஒன்றை எடுத்ததாக அவர் சொன்னார். 1850களில் அது அவர் பெயராலேயே ‘ஸ்னோவின் மஸ்கட் ஹாம்பர்க்’ என்று வெளியே தெரியவந்தது. தோட்டக்காரர்கள் இப்படிச் சொல்லிக்கொள்வது அந்தக் காலத்தில் சகஜம். பல கூற்றுகள் பின்னால் பொய்யாகிப் போயின. இது ஆகவில்லை. சுமார் 150 வருஷம் கழித்து, 2003இல் வெளியான மரபணு ஆய்வு, ஸ்னோ சொன்ன இரண்டு பெற்றோரையும் அப்படியே உறுதிசெய்தது.

அந்தப் பெற்றோர்களைப் பார்த்தாலே பிள்ளையின் குணம் பாதி புரிந்துவிடும். பிளாக் ஹாம்பர்க்கின் இன்னொரு பெயர் ஸ்கியாவா கிராஸா. வட இத்தாலியின் மலையோரத்து ரகம் அது. ஜெர்மனியில் டிரோலிங்கர் என்ற பெயரில் ஒயினாகிறது. வெளிறிய சிவப்பு, லேசான உடம்பு, துவர்ப்பு அதிகம் இல்லாத ஒயின். உள்ளூர்க்காரர்கள் சாயங்காலத்தில் சாதாரணமாகக் குடிப்பது. இங்கிலாந்தில் இதைக் கண்ணாடி வீடுகளில் பழத்துக்காக வளர்த்தார்கள். லண்டன் அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நட்ட ஒரே ஒரு பிளாக் ஹாம்பர்க் கொடி இன்றும் காய்த்துக்கொண்டிருக்கிறது. பெரிய குலை, தாராளமான காய்ப்பு, சாறு நிறைந்த பழம், மெல்லிய நிறம். பன்னீர் திராட்சையின் உடம்பு இந்த வழியில் வந்தது.

வாசனை இன்னொரு வழியில் வந்தது. அலெக்ஸாண்ட்ரியா மஸ்கட் மத்தியதரைக் கடல் ஓரமெல்லாம் பரவிய பழைய ரகம். சாப்பிடவும் காயவைக்கவும் ஒயினுக்கும் ஆகும். மஸ்கட் குடும்பத்துக்கே உரிய வாசனை லினலூல், ஜெரானியால், நெரால் போன்ற டெர்பீன் வகைச் சேர்மங்களிலிருந்து வருகிறது. இவற்றில் ஜெரானியால் ரோஜா எண்ணெயிலும் முக்கியமான சரக்கு. பழத்தை மோந்தால் பன்னீர்ச் செம்பு நினைவுக்கு வருவது கற்பனை இல்லை. ரெண்டிலும் இருப்பது அதே பொருள். பொதுவாகத் திராட்சையின் வாசனை புளித்து ஒயினான பிறகுதான் வெளியே வரும். காபெர்னே பழத்தைத் தின்று பார்த்து அதன் ஒயின் எப்படி மணக்கும் என்று சொல்வது கஷ்டம். மஸ்கட் குடும்பத்தில் பழத்தின் மணமே ஒயினிலும் தொடர்கிறது.

ஆக, ஸ்னோவுக்கு வேண்டியிருந்தது பிரபு வீட்டு விருந்து மேசைக்கு ஒரு கறுப்புப் பழம். பார்க்க அழகாக, வாயில் வைத்தால் மணமாக. ஒயின் அவர் கணக்கிலேயே இல்லை. பின்னாலும் வளர்ப்பாளர்கள் இதை அந்தக் கண்ணோடுதான் பார்த்தார்கள். இத்தாலியில் ஆல்பெர்ட்டோ பிரோவானோ 1911இல் இதை வைத்து உருவாக்கிய ‘இட்டாலியா’ உலகமெங்கும் விற்கும் மேசைத் திராட்சைகளில் ஒன்று.

சரி, ஒயினுக்கு இதை யாருமே பயன்படுத்தவில்லையா என்றால், பயன்படுத்துகிறார்கள். ஆனால் எப்படி என்று கவனிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் பிளாக் மஸ்கட்டை இனிப்பான, ஸ்பிரிட் சேர்த்த உணவுக்குப் பின் குடிக்கும் ஒயினாக்குகிறார்கள். கிரேக்கத்தில் தெஸ்ஸலியின் திர்னாவோஸ் ஊரில் இதன் சக்கையைக் காய்ச்சி வடித்து சிபுரோ என்ற சாராயம் எடுக்கிறார்கள். சீனாவில் தியென்ஜின் நகரில் 1980இல் பிரெஞ்சுக் கூட்டுடன் தொடங்கிய டைனஸ்டி ஆலை, இந்தக் கறுப்புப் பழத்தின் தோலை ஒதுக்கிவிட்டு வெள்ளை ஒயின் தயாரித்துப் பெயர் வாங்கியது. பிரான்சில், மோன் வான்து மலையடிவாரத்தில் விளையும் மஸ்கட் ஹாம்பர்க்குக்கு 1997இல் தரச் சான்று கிடைத்தது. அதுவும் சாப்பிடும் பழமாகத்தான். இனிப்பாக்கு, வடித்தெடு, இல்லையென்றால் தோலைத் தூக்கிப் போடு. கறாரான, துவர்ப்பான சிவப்பு ஒயினை இதிலிருந்து எதிர்பார்த்தவர்கள் குறைவு. பெரம்பூர்க்காரர்கள் யாரையும் கேட்காமலே இந்த வரிசையில் முதல் வழியைப் பிடித்திருக்கிறார்கள்.

இந்தப் பழம் தமிழ்நாட்டுக்கு வந்த கதையில் ஒரு சிக்கல் இருக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்திகளில் எல்லாம் ஒரு வரி தவறாமல் வந்தது: 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று. பாதிரியார் கொண்டுவந்தார் என்பதை நம்பத் தடையில்லை. கத்தோலிக்கத் திருப்பலிக்கான ஒயின் திராட்சைப் பழத்திலிருந்து மட்டுமே எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அதனால் குருமார்கள் போன இடத்துக்கெல்லாம் கொடியும் போனது. அமெரிக்கக் கண்டத்தில் ‘மிஷன்’ என்றே ஒரு திராட்சை ரகம் உண்டு. இடிப்பது வருஷம்தான். ஸ்னோவின் பழம் வெளியுலகுக்கு வந்ததே 1850களில். 1832இல் இங்கே ஒரு திராட்சைக் கொடி வந்திருக்கலாம். அது இதே மஸ்கட் ஹாம்பர்க்காக இருப்பது கஷ்டம். கொடிகள் வேறு வேறு காலத்தில் வேறு வேறு கைகள் வழியாக வந்து, கடைசியில் நிலைத்த ரகத்துக்கு முதல் கதை ஒட்டிக்கொண்டது என்று எடுத்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப்படுகிறது.

எப்படி வந்திருந்தாலும் இது குடிபுகுந்தது தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி சுற்றுவட்டாரத்தில் பந்தல் பந்தலாகத் திராட்சை. ஐரோப்பாவில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலை கொட்டித் தூங்கும். வருஷத்துக்கு ஒரு அறுவடை. கம்பத்தில் குளிர்காலமே இல்லை, அதனால் கொடிக்குத் தூக்கமும் இல்லை. விவசாயிதான் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து அதை எழுப்புகிறார். கவாத்து முடிந்த நான்கு மாதத்துக்குள் பழம் கைக்கு வந்துவிடும். சிறிது ஓய்வு, மறுபடி கவாத்து. இப்படி இரண்டு வருஷத்தில் ஐந்து காய்ப்பு வரை எடுக்கிறார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுவதால் வருஷம் முழுக்க எங்காவது ஒரு பந்தலில் பழம் தொங்கும். கோயம்பேடு சந்தையில் பன்னீர் திராட்சை அநேகமாக எப்போதும் கிடைப்பதற்கு இதுதான் காரணம். மகாராஷ்டிரத்து விதையில்லாத் திராட்சை மாதிரி இதற்கு இரண்டு மூன்று மாத சீசன் என்று எதுவும் இல்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. போதிய ஓய்வில்லாமல் காய்க்கும் கொடி ஒவ்வொரு குலையிலும் நிறையச் சர்க்கரை சேர்த்துவைக்காது. நிறமும் அப்படித்தான். தோலுக்குக் கருஞ்சிவப்பு தரும் ஆந்தோசயனின் என்ற நிறமி, ராத்திரியும் சூடாக இருக்கும் ஊரில் சரியாக உருவாகாது. ஒரே குலையில் கறுப்பும் சிவப்பும் இளம்பச்சையுமாகப் பழங்களைப் பார்த்திருப்பீர்கள். வண்டிக்காரர் மேல் சந்தேகப்பட வேண்டாம். பாதி காரணம் வெயில், மீதி இந்த ரகத்தின் பிறவிக்குணம். பூக்கும் சமயத்தில் எல்லாப் பூவும் ஒழுங்காகக் கருக்கட்டாமல் பெரிய பழமும் மிளகு அளவுப் பழமும் கலந்து வருவது இதன் சொந்த நாட்டிலேயே உள்ள புகார்.

இதில் இன்னொரு வேடிக்கை. கிறிஸ்துமஸ் ஒயினுக்குப் பழம் வாங்கும் அக்டோபர், நவம்பர்தான் தேனிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை கொட்டும் காலம். மழையில் பழம் தண்ணீரை உறிஞ்சி வெடிக்கும், அடிச்சாம்பல் நோய் வரும், சர்க்கரை இறங்கும். வருஷம் முழுக்கக் கிடைக்கும் ஒரு பழத்தை, அது மிகவும் சுமாராக இருக்கும் மாதங்களில்தான் நாம் ஒயினுக்கு வாங்குகிறோம். ஏப்ரல், மே வெயிலில் அறுத்த பழம் இதைவிட எவ்வளவோ மேல். ஆனால் பண்டிகை டிசம்பரில் வருகிறது, என்ன செய்ய?

வண்டியில் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். பன்னீருக்குப் போட்டி பெங்களூர் ப்ளூ. அதுவும் கறுப்பு, அதுவும் விதையுள்ளது, விலையும் ஏறத்தாழ அதே. ஆனால் இரண்டும் ஒரே சாதியே இல்லை. பன்னீர் முழுக்க ஐரோப்பிய இனமான விடிஸ் வினிஃபெரா. பெங்களூர் ப்ளூ, இசபெல்லா வகையைச் சேர்ந்தது. அதில் அமெரிக்கக் காட்டுத் திராட்சையான லப்ரஸ்காவின் ரத்தம் ஓடுகிறது. ஒரு பழத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். தோல் கழன்று வந்து, உள்ளே கோலி மாதிரி வழுக்கும் சதை தனியாகக் குதித்தால் பெங்களூர். தோலும் சதையும் ஒட்டியபடி நசுங்கினால் பன்னீர். மோந்து பார்ப்பதைவிட இது நம்பகமான வழி, ஏனென்றால் பெங்களூர் ப்ளூவுக்கும் பலமான வாசனை உண்டு. மெத்தில் ஆந்த்ரனிலேட் என்ற பொருள் தருவது அது. கடையில் விற்கும் திராட்சை சோடா, பபிள்கம் இவற்றில் வரும் ‘கிரேப்’ வாசனை இதுவேதான். இந்தியாவில் ‘போர்ட் ஒயின்’ என்று விற்கும் மலிவான இனிப்பு ஒயின்களில் பெரும்பகுதி பெங்களூர் ப்ளூவிலிருந்து வருகிறது. பிரான்சில் 1934இல் இசபெல்லாவையும் அதுபோன்ற வேறு சில அமெரிக்கக் கலப்பு ரகங்களையும் சட்டம் போட்டுத் தடை செய்தார்கள்.

வடசென்னையில் இரண்டையும் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பெங்களூர் ப்ளூ நல்ல கறுப்பு நிறம் தரும், அதை மறுக்க முடியாது. புளிப்பும் தூக்கலாக இருக்கும். நிறத்துக்காகப் பாதிப் பாதி கலக்கிறவர்களும் உண்டு. எனக்கு அந்த சோடா வாசனை ஒயினில் பிடிப்பதில்லை.

ஜாடிக்குள் நடப்பதுதான் சுவாரசியம். வீட்டுக்கு வீடு அளவு மாறும், ஆனாலும் பரவலான கணக்கு இது: ஒரு கிலோ திராட்சை, ஒரு கிலோ சர்க்கரை, ஒன்றரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், கொஞ்சம் ஈஸ்ட், ஒரு கைப்பிடி கோதுமை, பட்டை, கிராம்பு. தினமும் மரக்கரண்டியால் கிளறி, 21ஆம் நாள் வடிகட்டுவது. இதைக் கொஞ்சம் எண்களில் பார்ப்போம். ஒரு கிலோ பழத்தில் முக்கால் லிட்டருக்கும் குறைவாகத்தான் சாறு தேறும். தண்ணீரும் கரைந்த சர்க்கரையும் சேர்ந்தால் மொத்தம் ஏறக்குறைய இரண்டே முக்கால் லிட்டர். அதாவது ஜாடியில் கால் பங்குதான் திராட்சைச் சாறு. மீதி முக்கால் பங்கு சர்க்கரைத் தண்ணீர்.

இப்போது அதே ஜாடியில் உலகம் கொண்டாடும் ஒரு காபெர்னே பழத்தைப் போட்டதாக வைத்துக்கொள்வோம். அதன் பெருமை எல்லாம் தோலின் துவர்ப்பிலும் நிறத்திலும், வருஷக்கணக்கில் மரப்பீப்பாயில் முதிர்வதிலும் இருக்கிறது. மூன்று பங்கு சர்க்கரைத் தண்ணீரில் அது கரைந்து காணாமல் போகும். மிஞ்சுவது கொஞ்சம் கசப்பும் இனிப்பும்தான். மஸ்கட் வாசனை அப்படிப் போகாது. லினலூல் ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராமின் சுமார் நாற்பதில் ஒரு பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். நல்ல மஸ்கட் பழங்களில் இந்த டெர்பீன்கள் லிட்டருக்குப் பல மில்லிகிராம் வரை இருக்கும். நாலில் ஒன்றாக நீர்த்தாலும் மணம் நிற்கும். இதைத்தான் மேலே என் கட்சி என்றேன். தண்ணீர் ஊற்றியும் தாக்குப்பிடிக்கிற சிவப்புத் திராட்சை நம் சந்தையில் கிடைக்கும்போது அதை விட்டுவிட்டு நாசிக் ஒயின் பழத்தைத் தேடிப் போவதில் அர்த்தமில்லை.

துவர்ப்பு குறைவு என்ற குறையும் இங்கே வரமாகிறது. துவர்ப்பான சிவப்பு ஒயின் மிருதுவாக மாதங்கள், சில சமயம் வருஷங்கள் ஆகும். நம்மிடம் இருப்பது மூன்று வாரம். மெல்லிய தோலுள்ள பன்னீர் அந்த மூன்று வாரத்திலேயே குடிக்கும் பதத்துக்கு வந்துவிடுகிறது.

சர்க்கரை விஷயம் தனி. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை புளித்தால் ஒரு சதவீத ஆல்கஹால். மேலே சொன்ன கலவையில் லிட்டருக்கு 400 கிராம் அளவில் சர்க்கரை இருக்கிறது. அத்தனையும் புளித்தால் 23 சதவீதத்தைத் தொட வேண்டும். தொடாது. அவ்வளவு சர்க்கரையில் ஈஸ்ட்டே திணறும். 14, 15 சதவீதத்துக்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். அடுப்பங்கரை ஈஸ்ட் அதற்கும் முன்னாலேயே நிற்கலாம். மிச்சச் சர்க்கரை அப்படியே இனிப்பாகத் தங்கிவிடுகிறது. வீட்டு ஒயின் இனிப்பாக இருப்பது ருசிக்காக யாரோ எடுத்த முடிவு மட்டும் இல்லை, அளவே அப்படி.

கோதுமை எதற்கு என்று கேட்டால் “ஸ்ட்ராங்கா வரும்” என்பார்கள். பழச்சாறு இவ்வளவு நீர்த்துப்போன இடத்தில் ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் சத்து குறைவு. கோதுமை அதில் கொஞ்சத்தை ஈடுகட்டும். அந்த அளவில் அவர்கள் சொல்வது தப்பில்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தெளிய வைப்பதற்கும் அடிப்படை உண்டு. அதன் புரதம் துவர்ப்புப் பொருளைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கும், போர்தோ நகரத்து ஆலைகளிலும் இதைச் செய்வார்கள். ஆனால் பன்னீரில் பிடித்துக்கொள்ளத் துவர்ப்பே அதிகம் இல்லை, ஆகவே முட்டை இங்கே வீண் செலவு. சர்க்கரையைக் கருக்கி நிறத்துக்குச் சேர்ப்பது, பெற்றோரான பிளாக் ஹாம்பர்க் தராமல் விட்ட நிறத்தைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவருவது. அளவு மீறினால் ரோஜா வாசனை போய்க் கருகல் வாசனைதான் மிஞ்சும். பட்டை, கிராம்பும் அப்படித்தான். இவ்வளவு மணமுள்ள பழத்தை வாங்கிவிட்டு அதன் மேல் பிரியாணிச் சாமான் கொட்டுவது ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

கெடுவது எங்கே என்றால் சூட்டில். மணமுள்ள ஒயின்களை ஆலைகளில் 15 டிகிரி பக்கத்தில் நிதானமாகப் புளிக்கவிடுவார்கள். சென்னை நவம்பரில் வீட்டுக்குள் அதைப்போல இரண்டு மடங்கு. ஈஸ்ட் வேகமாகப் பொங்கும், பொங்கும் கரியமில வாயு வாசனையையும் கூட்டிக்கொண்டு வெளியேறும். ஜாடியை ஈரத்துணி சுற்றி, மாடி அறையில் இல்லாமல் கீழே தரையில் வைத்தால் ஓரளவு தப்பும். நுரை அடங்கிய பிறகு திறந்து திறந்து கிளறுவதும் ஆகாது. காற்றுப் பட்டால் அசிட்டிக் பாக்டீரியா புகுந்து ஒயினைக் காடியாக்கிவிடும். முதல் வாரம் கிளறுவதில் நியாயம் இருக்கிறது, மேலே மிதக்கும் தோல் காயாமல் இருக்கும். அப்புறம் மூடிவைப்பதே நல்லது.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1937இல் ராஜாஜி அமைச்சரவை சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம், பல திருத்தங்களோடு இன்றும் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது அதன்படி குற்றம், ஒயினும் மதுவில் சேரும். பாட்டில் போட்டு விற்பது என்றால் நிச்சயம் வம்பு.

போட்ட ஒயினை எத்தனை நாள் வைக்கலாம் என்பதற்கும் பதில் இந்த ரகத்திடமே இருக்கிறது. லினலூல் நாளாக ஆக ஒயினின் புளிப்பில் மணம் குறைந்த பொருள்களாக மாறும். பழைய ஒயின் உயர்ந்தது என்ற நம்பிக்கை மஸ்கட்டுக்குப் பொருந்தாது. ஸ்பிரிட் சேர்த்துச் செறிவாக்கிய சில வகைகள் மட்டும் விதிவிலக்கு. கிறிஸ்துமஸுக்குத் திறந்த பாட்டிலைப் பொங்கலுக்குள் முடிப்பது நல்லது. திறக்காததை ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் சில மாதம் தாங்கும்.